இல்லாததை இருக்கிறது என்று சாதித்த டிபிகேஜி

டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய சர்வர் ஒன்று பராமரிப்புக்கு வந்தது. வெப்சைட் வரவில்லை என்பதுதான் புகார். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் மூலம் வெப் சர்வரான என்ஜின்எக்ஸை ஸ்டார்ட் செய்யச் சொன்னால், அந்தப் பெயரில் யூனிட்டே (சர்வீஸே) கிடையாது என்றது. யாரோ அகற்றியிருப்பார்கள் என்று நினைத்து, மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்டிடம் ‘ஆப்ட் இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்’ கொடுத்தேன். மிகப் புதிய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆப்ட் கையை விரித்துவிட்டது. ஆப்டுக்கு அடியில் பேக்கேஜ்களைப் பிரித்துப் போட்டுக் கணக்கு வைக்கும் டிபிகேஜியிடம் ‘டிபிகேஜி --ஸ்டேட்டஸ் என்ஜின்எக்ஸ்’ என்று கேட்டால் ‘இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்ட்’ என்று மூன்று சொல்லில் அடித்துச் சொல்கிறது. ‘டிபிகேஜி --லிஸ்ட்ஃபைல்ஸ் என்ஜின்எக்ஸ்’ கொடுத்தால் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/என்ஜின்எக்ஸ் என்ற கோப்பு பட்டியலில் வருகிறது. அதே இடத்தில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்வது ‘--ரீஇன்ஸ்டால்’, அதாவது மறுபடி நிறுவு என்று ஆப்டிடம் சொல்வது. ஒரே ஒரு பேக்கேஜின் கோப்புகள் மட்டும் கை தவறி அழிந்திருந்தால் அது போதும், இரண்டு நிமிட வேலை. இந்த சர்வரில் அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். டிபிகேஜியின் சுருக்க ஆப்ஷன்களில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறு வேறு பொருள் உண்டு. அந்தக் குழப்பம் வேண்டாமென்று இங்கே நீளமான ஆப்ஷன்களையே தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பேக்கேஜ் மேனேஜர் சொல்வது சரியாக இருந்து, நாம்தான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கும் சந்தர்ப்பங்களும் நிறைய. டெபியனில் சாதாரணப் பயனரின் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) /யூஎஸ்ஆர்/எஸ்பின் இருக்காது. அங்கே இருக்கும் கட்டளைகளை ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) இல்லாமல் அழைத்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றுதான் வரும். பேக்கேஜ் பெயர் ஒன்றாகவும் கட்டளையின் பெயர் வேறாகவும் இருப்பதும் சகஜம்: ரிப்கிரெப்பை நிறுவிவிட்டு ‘ஆர்ஜி’ என்று அடிக்க வேண்டும், டெபியனில் ‘பேட்’ என்ற நிரல் ‘பேட்கேட்’ ஆகிவிடும். இடம் மாறிய நிரலின் பழைய முகவரியை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல் நினைவில் வைத்திருந்தும் ஏமாற்றும். ‘ஹாஷ் -ஆர்’ கொடுத்தால் மறந்துவிடும். சில மெட்டா பேக்கேஜ்களில் நிரல் என்று எதுவுமே இருக்காது, வேறு பேக்கேஜ்களை இழுத்து வருவது மட்டுமே அவற்றின் வேலை. இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் பட்டியலில் இருக்கும் கோப்பு டிஸ்கில் இல்லை என்றால்தான் பேக்கேஜ் மேனேஜரின் பதிவேட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

டிபிகேஜி எப்படி முடிவெடுக்கிறது?

டிபிகேஜிக்கு இரண்டு இடங்களில் நினைவு. ஒன்று /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற சாதாரண உரைக்கோப்பு. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பத்தி. பெயர், பதிப்பு, சார்புகள், அத்துடன் நிலை. நிலையில் வரும் மூன்று சொற்களில் முதலாவது நமது விருப்பம், இரண்டாவது பிழை உண்டா என்பது, மூன்றாவது இப்போது என்ன கட்டத்தில் இருக்கிறது என்பது. பாதி நிறுவியது, பிரித்து வைத்தது, அமைக்காமல் விட்டது என்று மூன்றாவது சொல்லுக்குப் பல வடிவங்கள் உண்டு.

இன்னொரு இடம் பக்கத்திலேயே இருக்கும் ‘இன்ஃபோ’ ஃபோல்டர். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அதில் ஒரு ‘.லிஸ்ட்’ கோப்பு: எந்தெந்தக் கோப்புகளைப் போட்டேன் என்ற பட்டியல். ‘.எம்டி5சம்ஸ்’ கோப்பு: அவை எப்படி இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்பு எண்கள். பிறகு நிறுவும் முன்னும் பின்னும், அகற்றும் முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்ட்கள்.

‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று நாம் சொல்லும்போது, பேக்கேஜ் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஆப்ட் பார்ப்பது ஸ்டேட்டஸ் கோப்பில் மட்டும்தான். /யூஎஸ்ஆர் பக்கம் அது தலை வைத்துக்கூடப் படுக்காது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான கோப்புகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றால் யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். டிஸ்கில் இருப்பதைத் தன்னைக் கேட்காமல் யாரும் மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அதன் பிழைப்பு ஓடுகிறது.

டிஸ்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டுமானால் அதற்கென்று ‘டிபிகேஜி --வெரிஃபை’ இருக்கிறது. பேக்கேஜ் பெயர் கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் சரிபார்க்கும். ரூட்டாகத்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் படிக்க அனுமதி இல்லாத கோப்புகளையும் காணோம் என்று எழுதிப் பயமுறுத்தும். கோப்பு இல்லையென்றால் வரியின் தொடக்கத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று வரும். கோப்பு இருந்து உள்ளடக்கம் மாறியிருந்தால் கேள்விக்குறிகளுக்கு நடுவே 5 என்ற எண் வரும். பாதைக்கு முன்னால் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அது அமைப்புக் கோப்பு (கான்ஃபிக்); நாமே திருத்தியிருக்கலாம், பதற வேண்டாம்.

என்ஜின்எக்ஸ் மட்டும்தான் காணாமல் போயிருக்கும் என்று நினைத்து இதை ஓட்டினேன். திரை நிற்கவே இல்லை. தரவுத்தளமான ரெடிஸ், அஞ்சல் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸ், இன்னும் பல பேக்கேஜ்களில் ‘மிஸ்ஸிங்’. அதைவிட விசித்திரம், லிப்சி போன்ற அடிப்படை நூலகங்களில் வரிசையாக 5. அதாவது அந்தக் கோப்புகள் இருக்கின்றன, ஆனால் டிபிகேஜி நினைக்கும் பதிப்பு அல்ல. யாரோ கோப்பை அழித்துவிட்டார்கள் என்ற விளக்கம் இதற்குப் பொருந்தாது. நூலகத்தின் பழைய பதிப்பை யாரும் கையால் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள்.

/வார்/லாக்/ஆப்ட் ஃபோல்டரில் இருக்கும் ‘ஹிஸ்டரி.லாக்’ கோப்பைத் திறந்தேன். எந்தத் தேதியில் எந்தக் கட்டளையால் என்ன நிறுவப்பட்டது, எது எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு உயர்ந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். வெரிஃபை குறை சொன்ன பேக்கேஜ்கள் எல்லாமே ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின் நிறுவப்பட்டவை அல்லது உயர்த்தப்பட்டவை. அந்தத் தேதிக்கு முன் வந்தவற்றில் ஒரு குறையும் இல்லை. ஃபைண்ட் வைத்து /யூஎஸ்ஆருக்குள் இருப்பதிலேயே கடைசியாக வந்த கோப்பைத் தேடினால், அதுவும் அந்தத் தேதியோடு நின்றுவிட்டது.

எந்த ஃபோல்டர் எந்த டிஸ்க் பகுதியில் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை மிச்சத்தைச் சொல்லிவிட்டது. எல்லா ஃபோல்டர்களுக்கும் வேரான ரூட் (/) ஒரு எல்விஎம் வால்யூம் (டிஸ்கின் ஒரு பகுதி), /வார் தனி வால்யூம். டெபியன் நிறுவியிலேயே இப்படிப் பிரிக்கும் வாய்ப்பு உண்டு, அதில் தவறில்லை. முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் ஏதோ சிக்கலைச் சரிசெய்ய ரூட்டை மட்டும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு ஒரு தேதியில் எடுத்த நிலைக்கு) திருப்பியிருக்கிறார். நிரல்கள் இருக்கும் /யூஎஸ்ஆரும் அமைப்புக் கோப்புகள் இருக்கும் /ஈடிசியும் பின்னோக்கிப் போய்விட்டன. /வார் நிகழ்காலத்திலேயே நின்றுவிட்டது. டிபிகேஜியின் பதிவேடு இருப்பது /வாரில். இல்லாத என்ஜின்எக்ஸுக்கு அது சாட்சி சொன்னது இப்படித்தான்.

எந்தப் பக்கத்தைத் திருத்துவது?

பதிவேட்டைப் பின்னால் இழுத்து டிஸ்கோடு சேர்க்கலாம். அல்லது டிஸ்கை முன்னால் தள்ளிப் பதிவேட்டோடு சேர்க்கலாம். முதல் வழி கவர்ச்சியாகத் தெரியும். /வார்/பேக்கப்ஸ் ஃபோல்டரில் ஸ்டேட்டஸ் கோப்பின் சில பழைய நகல்களை டெபியன் தானாகவே எடுத்து வைக்கும். ஸ்னாப்ஷாட் தேதிக்கு ஒத்த நகலை எடுத்துப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் நகலில் இருப்பது ஸ்டேட்டஸ் மட்டும்தான். ‘இன்ஃபோ’ ஃபோல்டரில் இருக்கும் பட்டியல்களும் ஸ்கிரிப்ட்களும் புதிய பதிப்புகளுக்கு உரியவை, அவற்றுக்கு நகல் கிடையாது. மேலும் ரெடிஸின் தரவும் அஞ்சல் வரிசையும் /வாரில் இன்றைய நிலையில் இருந்தன. நிரல்கள் பழையதாகவும் தரவு புதியதாகவும் இருந்தால் அது வேறு தலைவலி. டிஸ்கை முன்னால் தள்ளுவதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

முதலில் /வார்/லிப்/டிபிகேஜி முழுவதையும் அப்படியே நகலெடுத்து வேறு டிஸ்கில் வைத்தேன். ‘ஆப்ட்-மார்க் ஷோஆட்டோ’ தரும் பட்டியலையும் ஒரு கோப்பில் பிடித்து வைத்தேன். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களைப் பெயர் சொல்லி நிறுவும்போது, சார்பாக வந்தவை எவை, நாம் கேட்டு வாங்கியவை எவை என்ற குறிப்பு கலைந்துவிடக் கூடாது.

வெரிஃபை தரும் வரிகளில் பேக்கேஜ் பெயர் இருக்காது, கோப்பின் பாதை மட்டுமே இருக்கும். அதனால் ‘டிபிகேஜி-குவரி --ஷோ’ தரும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் மேல் மட்டும் வெரிஃபை ஓட்டி, ஏதாவது வரி வந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளும் சின்ன லூப் ஒன்றை எழுதினேன். இங்கே ஒரு பொறி உண்டு. நிரலை அகற்றிவிட்டு அமைப்புக் கோப்புகளை மட்டும் விட்டுவைத்த பேக்கேஜ்களும் அந்த ‘--ஷோ’ பட்டியலில் வரும். அவற்றை வடிகட்டாமல் ரீஇன்ஸ்டாலுக்குக் கொடுத்தால், என்றோ தூக்கியெறிந்த நிரல்கள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். நிலை ‘இன்ஸ்டால்ட்’ என்று இருப்பவற்றை மட்டும் எடுக்க வேண்டும்.

எம்டி5சம்ஸ் கோப்பில் சாதாரணக் கோப்புகள் மட்டுமே வரும், சிம்லிங்க்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்) வராது. ஆகவே இரண்டாவதாக இன்னொரு லூப்: எல்லா ‘.லிஸ்ட்’ கோப்புகளையும் வரிவரியாகப் படித்து, அந்தப் பாதையில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. இரண்டு பட்டியல்களையும் சேர்த்துத் திரட்டியதுதான் வேலைப் பட்டியல்.

சரி, இனி ரீஇன்ஸ்டால் என்று கொடுத்தால், ஆப்ட் எல்லாவற்றையும் இறக்கியது. டிபிகேஜி தொடங்கிய உடனேயே செத்தது. ஸ்டேட்ஓவர்ரைடு கோப்பில் ‘போஸ்ட்டிராப்’ என்ற குழு குறிப்பிடப்பட்டிருக்கிறது, அப்படி ஒரு குழு இந்த கணினியில் இல்லை என்பது பிழைச்செய்தி.

இந்தப் பிழை வந்தது நல்லதாகப் போயிற்று. குறிப்பிட்ட கோப்புக்கு வழக்கமான உரிமையாளரை விட்டு வேறு உரிமையாளரையோ அனுமதியையோ கொடு என்று டிபிகேஜிக்குச் சொல்லி வைக்கும் இடம் அந்த ஸ்டேட்ஓவர்ரைடு. போஸ்ட்ஃபிக்ஸ் தன் சில நிரல்களுக்கு அப்படிச் சொல்லி வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு /வாரில். பயனர்களும் குழுக்களும் எழுதப்பட்டிருப்பது /ஈடிசியில் இருக்கும் பாஸ்வேர்ட் கோப்பிலும் குரூப் கோப்பிலும். அவை ஸ்னாப்ஷாட்டோடு பின்னால் போய்விட்டன. போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவப்பட்டபோது உருவான குழு இப்போது இல்லை.

அந்த ஓவர்ரைடை நீக்கிவிடு என்று பிழைச்செய்தியே யோசனை சொல்கிறது. நீக்கினால் வேலை நகரும். ஆனால் நான் நீக்கவில்லை, ஏனென்றால் இதற்குப் பின்னால் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. டிஸ்கில் கோப்புகளின் உரிமையாளர் பெயராக எழுதப்படுவதில்லை, யூஐடி என்ற எண்ணாகத்தான் எழுதப்படுகிறது. ரெடிஸ் நிறுவப்பட்டபோது அதற்கு 112 என்ற எண் கிடைத்திருந்தது. /வார்/லிப்/ரெடிஸுக்குள் இருக்கும் தரவுக் கோப்பு இன்றும் 112க்குச் சொந்தம். இப்போது பேக்கேஜ்களை எந்த வரிசையிலோ மறுபடி நிறுவினால், அவற்றின் ஸ்கிரிப்ட்கள் தங்கள் பயனர்களைப் புதிதாக உருவாக்கும். டெபியனின் ஆட்யூசர், சிஸ்டம் பயனர்களுக்கு 100 முதல் 999 வரையிலான எண்களில் காலியாக இருக்கும் முதல் எண்ணைக் கொடுக்கும். ஸ்னாப்ஷாட்டில் 112 காலி. முதலில் வரிசையில் நிற்கும் பேக்கேஜுக்கு அந்த எண் போய்விடலாம். ரெடிஸின் தரவுக்கு அஞ்சல் மென்பொருள் உரிமையாளர் ஆகும். எந்தப் பிழையும் காட்டாமல் இது நடந்து முடியும் என்பதுதான் இதில் ஆபத்து.

ஆகவே எதையும் நிறுவும் முன் ‘ஃபைண்ட் /வார்’ கட்டளையை ‘-நோயூசர்’ என்றும் ‘-நோகுரூப்’ என்றும் கொடுத்து ஓட்ட வேண்டும். எண் இருந்தும் பெயர் இல்லாத கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். எந்த ஃபோல்டரில் எந்த எண் என்று பார்த்தாலே அது யாருடையது என்று விளங்கிவிடும். /வார்/லிப்/ரெடிஸில் 112 என்றால் ரெடிஸ். /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸுக்குள் இருப்பவை போஸ்ட்ஃபிக்ஸ் பயனருக்கும் போஸ்ட்டிராப் குழுவுக்கும் உரியவை. அதே எண்களோடு ‘ஆட்குரூப் --சிஸ்டம் --ஜிஐடி’, ‘ஆட்யூசர் --சிஸ்டம் --யூஐடி’ என்று கையாலேயே உருவாக்கிவிட்டேன். பேக்கேஜின் ஸ்கிரிப்ட் பிறகு ஓடும்போது, பயனர் ஏற்கெனவே இருக்கிறார் என்று பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். என்ஜின்எக்ஸுக்கு இந்தக் கவலையே இல்லை. அது பயன்படுத்தும் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ பயனருக்கு டெபியனில் எப்போதும் 33 என்ற நிலையான எண்தான்.

ஸ்னாப்ஷாட் திரும்பிய பிறகு யாரும் புதிதாக எதுவும் நிறுவியிருக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். நிறுவியிருந்தால் அந்தப் புதிய பயனர் பழைய எண்ணில் உட்கார்ந்திருப்பார், ‘-நோயூசர்’ தேடலில் அந்தக் கோப்புகள் மாட்டியே இருக்காது.

இதற்குப் பிறகு ரீஇன்ஸ்டால் ஓடியது. சில பேக்கேஜ்களுக்கு மட்டும், இறக்க முடியாததால் மறுநிறுவல் சாத்தியமில்லை என்று ஆப்ட் சொன்னது. பதிவேட்டில் இருக்கும் பதிப்பு, ஆப்ட் இறக்கும் களஞ்சியத்தில் இப்போது இல்லை, அதைவிடப் புதியது வந்துவிட்டது என்று பொருள். அவற்றுக்கு ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்துவிட்டு அப்கிரேடு செய்தால் போதும். அதே பதிப்புதான் வேண்டும் என்றால் முதலில் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸில் பாருங்கள். /வார் பின்னால் போகவில்லை அல்லவா, பழைய டெப் (பேக்கேஜ்) கோப்புகள் அங்கேயே கிடக்கலாம். இல்லாவிட்டால் டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் பழைய பதிப்புகள் எல்லாம் கிடைக்கும்.

லினக்ஸின் மையமான கெர்னலைப் பற்றி ஒரு வரி: ரீபூட் செய்யும் முன், /பூட்டில் இருக்கும் கெர்னல் பதிப்புக்கு உரிய ஃபோல்டர் /லிப்/மாட்யூல்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் கெர்னல் ஒரு காலத்திலும் அதன் டிரைவர்கள் அடங்கிய மாட்யூல்கள் வேறு காலத்திலும் நின்றுவிடும்; நெட்வொர்க் கார்டு இல்லாமல் எழும் சர்வரைத் தொலைவிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

இல்லாமையை விருப்பம் என்று படிப்பது

ரீஇன்ஸ்டால் முடிந்து வெரிஃபை ஓட்டினால் பட்டியல் பெரிதும் சுருங்கியிருந்தது. ஆனால் என்ஜின்எக்ஸ் இன்னும் எழவில்லை. /ஈடிசி/என்ஜின்எக்ஸ் ஃபோல்டர் கிட்டத்தட்ட காலி. பேக்கேஜை மறுபடி நிறுவியும் அமைப்புக் கோப்பு வரவில்லையே என்று இந்த இடத்தில் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இது பிழை இல்லை, கொள்கை. பேக்கேஜ் ஒரு கோப்பை அமைப்புக் கோப்பு என்று அறிவித்திருந்தால் அது நிர்வாகியின் சொத்து என்று டிபிகேஜி கருதுகிறது. அதை நீங்கள் திருத்தியிருந்தால் மேலே எழுதாது. நீங்கள் அழித்திருந்தால், வேண்டாமென்று அழித்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு திரும்பக் கொண்டுவராது. அழித்தது நீங்களா, ஸ்னாப்ஷாட்டா என்று அதற்குத் தெரிய வழியில்லை. அந்த மரியாதையைத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டும்: ‘ஆப்ட் -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்-காமன்’. பேக்கேஜ் பெயரைக் கவனியுங்கள். டெபியனில் என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்புகள் இருப்பது ‘என்ஜின்எக்ஸ்-காமன்’ என்ற துணைப் பேக்கேஜில். நிரல் இருக்கும் பேக்கேஜை மட்டும் எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் அவை வராது.

இந்த ஆப்ஷனை எல்லா பேக்கேஜ்களுக்கும் பொதுவாகப் போட வேண்டாம். உண்மையிலேயே யாரோ யோசித்து அழித்த கோப்புகளும் திரும்பி வந்துவிடும். ஹிஸ்டரி லாக் காட்டிய தேதிக்குப் பிறகு வந்த பேக்கேஜ்களுக்கு மட்டும் கொடுத்தேன்.

இதே மரியாதை இன்னும் சில இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. என்ஜின்எக்ஸை ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, ரீபூட் செய்தால் எழவில்லை. சர்வீஸ் எனேபிள் ஆனதற்கு அடையாளம் /ஈடிசி/சிஸ்டம்டியில் இருக்கும் ஒரு சிம்லிங்க். அந்த லிங்க்கை ஒருமுறை உருவாக்கியிருக்கிறேன் என்ற குறிப்பை டெபியனின் துணை ஸ்கிரிப்ட் /வார்/லிப்/சிஸ்டம்டியில் எழுதி வைக்கிறது. மறுநிறுவலின்போது குறிப்பு இருக்கிறது, லிங்க் இல்லை. ஆகவே நிர்வாகி டிசேபிள் செய்திருக்கிறார் என்று முடிவுகட்டி அப்படியே விட்டுவிடுகிறது. ‘சிஸ்டம்சிடிஎல் எனேபிள்’ என்று நாமே சொல்ல வேண்டும். எவற்றுக்குச் சொல்ல வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளின் ஃபோல்டரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: குறிப்பு இருந்து லிங்க் இல்லாதவை எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. சர்வரின் உரிமையாளரிடம் கேட்டு ஒவ்வொன்றாக எனேபிள் செய்தேன்.

முதல் முறை நிறுவும்போது மட்டும் செய்யும் வேலைகளும் உண்டு. நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்டுக்கு, இதற்கு முன் எந்தப் பதிப்பு அமைக்கப்பட்டிருந்தது என்ற தகவலை டிபிகேஜி கொடுக்கும். அது காலியாக இருந்தால்தான் புது நிறுவல். இங்கே காலியாக இல்லை. ஆகவே என்ஜின்எக்ஸின் இயல்பான தளத்துக்கு ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ ஃபோல்டரில் போடப்படும் லிங்க் வரவில்லை. அது பெரிய இழப்பு இல்லை, உரிமையாளரின் சொந்தத் தள அமைப்பு அவர்களிடம் பேக்கப்பில் இருந்தது. எடிட்டர், ஜாவா மாதிரியான கட்டளைகளுக்கு /ஈடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸில் இருக்கும் லிங்க்குகளும் இதே கதைதான். உடைந்திருந்தவற்றுக்கு ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ஆட்டோ’ போதுமானதாக இருந்தது.

இவ்வளவு எதற்கு, ‘பர்ஜ்’ செய்துவிட்டு (அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அகற்றிவிட்டு) புதிதாக நிறுவினால் முதல் முறை வேலைகளும் சேர்ந்தே நடக்குமே என்று கேட்கலாம். தரவு எதுவும் வைத்திருக்காத பேக்கேஜ்களுக்கு அது நல்ல வழி, இதைவிடச் சுத்தமான வழியும்கூட. ஆனால் பர்ஜ் சமயத்தில் தரவு ஃபோல்டரையே அழிக்கும்படி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்கள் உண்டு. ‘இன்ஃபோ’ ஃபோல்டரில் அந்த பேக்கேஜின் ‘.போஸ்ட்ஆர்எம்’ கோப்பைத் திறந்து, ‘ஆர்எம்’ என்று தொடங்கும் வரிகள் எதைத் தொடுகின்றன என்று படித்துவிட்டுத்தான் பர்ஜ் செய்ய வேண்டும். ரெடிஸ் மேல் நான் அதை முயலவே இல்லை. எண்ணை முன்கூட்டியே சரியாகக் கொடுத்திருந்ததால், ரெடிஸ் முதல் ஸ்டார்ட்டிலேயே தன் தரவுக் கோப்பைப் படித்து எழுந்துவிட்டது.

கடைசியில் ஒரே ஒரு பேக்கேஜ் மிஞ்சியது. கண்காணிப்புக்காக யாரோ சொந்தமாகக் கட்டி நிறுவிய டெப், எந்தக் களஞ்சியத்திலும் இல்லை, கேஷிலும் இல்லை. உரிமையாளருக்கும் அது வேண்டாமாம். இதற்கு மட்டும் பதிவேட்டைத்தான் திருத்தியாக வேண்டும். ‘ஆப்ட் ரிமூவ்’ கொடுத்தால், அகற்றும் முன் ஓடும் ஸ்கிரிப்ட் 127 என்ற வெளியேறும் எண்ணோடு நின்றுவிட்டது. ஷெல்லில் 127 என்றால் அழைத்த கட்டளை கிடைக்கவில்லை என்று பொருள். தன் நிரலையே அழைத்து நிறுத்தச் சொல்லும் ஸ்கிரிப்ட் அது, நிரலோ இல்லை. நிறுவவும் முடியாது, அகற்றவும் முடியாது என்ற நிலை.

ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து அந்தப் பத்தியை வெட்டி எறிவதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம். எனக்கு அது பிடிக்காது. ‘இன்ஃபோ’ ஃபோல்டரில் பட்டியல்கள் அநாதையாகக் கிடக்கும், அதைச் சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள் உடையும், போகிற போக்கில் ஒரு காலி வரியை அழித்துவிட்டால் பக்கத்துப் பத்தியும் சேர்ந்து கெடும். அதற்குப் பதிலாக ‘இன்ஃபோ’ ஃபோல்டரில் அந்த பேக்கேஜின் ‘.பிரீஆர்எம்’ கோப்பை மட்டும் திறந்து, இரண்டாவது வரியாக ‘எக்ஸிட் 0’ என்று சேர்த்தேன். ‘டிபிகேஜி --பர்ஜ்’ இப்போது தடையில்லாமல் ஓடியது. அகற்ற வேண்டிய கோப்புகள் ஏற்கெனவே இல்லை என்பதைப் பற்றி டிபிகேஜி கவலைப்படுவதில்லை, பட்டியலைத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

வேறு லினக்ஸ் குடும்பங்களில் வேலை செய்பவர்களுக்காகக் கொஞ்சம். ஃபெடோரா வகைகளின் ஆர்பிஎம்மில் சரிபார்க்க ‘ஆர்பிஎம் --வெரிஃபை --ஆல்’. டிஸ்கைத் தொடாமல் பதிவேட்டிலிருந்து மட்டும் நீக்க ‘--ஜஸ்ட்டிபி’ ஆப்ஷன் உண்டு. ஆர்ச் லினக்ஸின் பேக்மேனில் அதே வேலைக்கு ‘--டிபிஒன்லி’. பைத்தானின் பிப், ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் ஃபோல்டரைப் பார்த்துத்தான் ஒரு பேக்கேஜ் இருக்கிறது என்று நம்புகிறது. மாட்யூலை அழித்துவிட்டு அந்த ஃபோல்டரை விட்டுவைத்தால் அதுவும் இதே பல்லவியைப் பாடும். ‘--ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால்’ கொடுத்தால் சரியாகும்.

ஸ்னாப்ஷாட்டும் பதிவேடும் பிரிந்துபோகும் இந்தச் சிக்கலை ஆர்பிஎம் பக்கம் வேரிலேயே கவனித்திருக்கிறார்கள். ஓப்பன்சூசே தன் பதிவேட்டை /வாரிலிருந்து எடுத்து /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ் ஃபோல்டருக்கு மாற்றியது. 2022இல் வந்த ஃபெடோரா 36ம் அதையே செய்தது. நிரல்கள் இருக்கும் இடத்திலேயே பதிவேடும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே பின்னால் போகும். டெபியனில் பதிவேடு இன்னும் /வார்/லிப்/டிபிகேஜியில்தான். அதனால் இந்த சர்வரின் ஸ்னாப்ஷாட் ஸ்கிரிப்டில் இரண்டு மாற்றம் செய்தேன். ரூட்டையும் /வாரையும் எப்போதும் ஜோடியாகவே எடுக்கும். எடுப்பதற்கு முன் /வார்/லிப்/டிபிகேஜி, /வார்/லிப்/ஆப்ட் இரண்டையும் சுருக்கி /ரூட் ஃபோல்டருக்குள் ஒரு டார் கோப்பாக வைத்துவிடும். யாராவது மறுபடியும் ரூட்டை மட்டும் திருப்பினால், அந்தத் தேதிக்கு உரிய பதிவேடு முழுசாக அந்த ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே இருக்கும். விரித்து வைத்தால் டிபிகேஜியும் டிஸ்கும் ஒரே தேதியில் நிற்கும். /வாரில் இருக்கும் தரவின் யூஐடி எண்களை மட்டும் அப்போதும் கையால்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டோ குறிகளை ‘ஆப்ட்-மார்க் ஆட்டோ’ மூலம் பழைய பட்டியலிலிருந்து திரும்பப் போட்டேன். ‘டிபிகேஜி --ஆடிட்’ மௌனம். ‘ஆப்ட்-கெட் செக்’ குறை சொல்லவில்லை. வெரிஃபையில் மிஞ்சியவை ‘சி’ போட்ட சில வரிகள் மட்டும். எல்லாம் உரிமையாளர் தானே திருத்திய அமைப்புக் கோப்புகள்.